பிரதிநிதித்துவமும் பதில் சொல்லும் கடமையும்: லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் போலீஸ் தரும் பாடம்

நகர நிர்வாகத்தைப் பற்றிய விவாதங்களில் இரண்டு கேள்விகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்தே எழுகின்றன. அரசுப் பணிகளில் எந்தெந்தச் சமூகத்தினர் அமர்த்தப்படுகிறார்கள் என்பது முதற் கேள்வி. அவ்வாறு அமர்த்தப்பட்டவர்கள் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தும் விதத்திற்கு யாரிடம் பதில் சொல்கிறார்கள் என்பது இரண்டாவது கேள்வி. போலீஸ் துறையில் இவ்விரண்டும் மிகக் கூர்மையாக எழுகின்றன. ஏனெனில் குடிமகன்மீது சட்டப்படி பலத்தைப் பிரயோகிக்கும் உரிமை பெற்ற துறை அது.

முதற் கேள்விக்கு விடை கண்டுவிட்டால் இரண்டாவது தானாகவே தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் நிலவுகிறது. சிறுபான்மையினரைப் போலீசில் போதிய அளவில் சேர்த்தால் அத்துமீறல்கள் தாமே குறையும் என்பது அந்த நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் ஏற்ற எடுத்துக்காட்டாகும். அங்கே பணி நியமனச் சீர்திருத்தம் முதலில் வந்தது. பொறுப்பைக் கேட்கும் அமைப்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிந்தி வந்தது. ஆகவே ஒன்றின் விளைவை மற்றொன்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடிகிறது.

நகர சாசனம் அளித்த காப்பு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் போலீஸ் துறை நகராட்சியின் ஓர் அங்கம். மேயர் நியமிக்கும் ஐந்து பொதுமக்கள் அடங்கிய போலீஸ் கமிஷனே சட்டப்படி அத்துறையின் தலைமை அமைப்பு. ஆயினும் நடைமுறையில் அதிகாரம் முழுவதும் போலீஸ் தலைவரிடமே இருந்தது. 1930களில் நகர அரசியலில் ஊழல் மலிந்திருந்தது. 1938-ஆம் ஆண்டில் அப்போதைய மேயரை வாக்காளர்களே பதவியிலிருந்து திரும்ப அழைத்தனர். அரசியல்வாதிகளின் பிடியிலிருந்து போலீசைக் காப்பாற்றும் நோக்குடன் அந்தப் பத்தாண்டில் நகர சாசனம் திருத்தப்பட்டது. அதன் விளைவாகப் போலீஸ் தலைவரின் பதவிக்குக் கால வரம்பு இல்லாமற் போயிற்று. குற்றம் சாட்டி விசாரணை நடத்தி நிரூபித்தாலன்றி அவரை நீக்க இயலாது என்ற நிலை ஏற்பட்டது.

ஊழலைத் தடுக்க எழுப்பப்பட்ட இந்த மதில், காலப்போக்கில் மக்களின் கேள்விகளையும் தடுக்கும் மதிலாயிற்று. 1965 ஆகஸ்டில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் ஒரு வாகனச் சோதனையைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. 34 பேர் மாண்டனர். போலீசின் நடத்தை பற்றிய மனக்குறை அதற்கு ஒரு முக்கிய காரணமாயிருந்தது. எனினும் போலீசை மேற்பார்வையிடும் அமைப்பில் அடிப்படை மாற்றம் எதுவும் அப்போது வரவில்லை.

மேயர் பிராட்லியின் இருபது ஆண்டுகள்

1973-ஆம் ஆண்டில் டாம் பிராட்லி மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நகரின் மக்கள் தொகையில் கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருந்த நிலையில் ஒரு கறுப்பின அமெரிக்கர் மேயரானது குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி. அவர் 1940-ஆம் ஆண்டில் அதே நகரப் போலீசில் சேர்ந்து, லெப்டினன்ட் பதவி வரை உயர்ந்து, 1961-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். போலீசின் உள்நடப்பை அவரளவு அறிந்த மேயர்கள் அரியர். தொடர்ந்து ஐந்து முறை வென்று 1993 வரை அவர் அப்பதவியில் இருந்தார்.

அவரது ஆட்சியில் நகராட்சியின் குழுக்களிலும் அலுவலகங்களிலும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஆசிய வம்சாவளியினர், பெண்கள் ஆகியோருக்குக் கதவுகள் திறக்கப்பட்டன. போலீசில் மாற்றம் நீதிமன்றத்தின் வழியாக வந்தது. சார்ஜென்ட் பதவிக்கு மேல் பெண்கள் உயர முடியாதிருந்ததை எதிர்த்துப் பெண் அதிகாரி ஒருவர் 1973-இல் தொடுத்த வழக்கு, 1980களின் தொடக்கத்தில் நீதிமன்ற உடன்படிக்கையாக முடிந்தது. பெண்களையும் சிறுபான்மையினரையும் குறிப்பிட்ட விகிதத்தில் புதிதாகச் சேர்க்க நகராட்சி ஒப்புக்கொண்டது. படையின் தோற்றம் ஆண்டுக்கு ஆண்டு மாறத் தொடங்கியது.

ஆனால் மாறியது தோற்றமேயன்றி, கேள்வி கேட்கும் முறை அன்று. 1991 மார்ச் 3-ஆம் நாள் ராட்னி கிங் என்ற கறுப்பின வாகன ஓட்டியைப் போலீசார் தடிகளால் அடித்ததை அருகில் வசித்த ஒருவர் வீடியோவில் பதிவு செய்தார். அடுத்த மாதம் போலீஸ் கமிஷன், போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸைத் தற்காலிக விடுப்பில் அனுப்பிற்று. சில நாட்களுக்குள் அவர் மீண்டும் பதவியில் அமர்ந்தார். நகர மன்றமே அதற்குத் துணை நின்றது. போலீசில் 21 ஆண்டுகள் பணியாற்றி, மேயராக ஏறத்தாழ 18 ஆண்டுகளை நிறைவு செய்திருந்த பிராட்லியாலும் தம் நகரின் போலீஸ் தலைவரை மாற்ற இயலவில்லை.

கிறிஸ்டோபர் கமிஷன் கண்டவை

பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான வாரன் கிறிஸ்டோபர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1991 ஜூலையில் அறிக்கை அளித்தது. புள்ளிவிவரங்களை ஆட்சிக் கருவியாக்குவது எப்படி என்பதை அறிய விரும்பும் மாணவர்கள் அதன் முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். குழு தனிச் சம்பவங்களை மட்டும் ஆராயவில்லை. துறையின் சொந்தக் கோப்புகளையே தொகுத்து எண்ணிற்று.

1986 முதல் 1990 வரை மிகைப் பலப் பிரயோகம் குறித்துப் பொதுமக்கள் கூறிய குற்றச்சாட்டுகள் 2,152. அவற்றுள் துறை உண்மையென ஏற்றவை 42 மட்டுமே. அதாவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அதே காலத்தில் இத்தகைய புகாருக்கு உள்ளானவர்கள் சுமார் 1,800 பேர். அவர்களுள் 1,400க்கும் மேற்பட்டோர்மீது ஓரிரு புகார்களே இருந்தன. ஆனால் 44 பேர்மீது ஆறும் அதற்கு மேலும் புகார்கள் இருந்தன. இந்த 44 பேரின் ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்புகளோ பொதுவாகப் பாராட்டு மொழிகளால் நிறைந்திருந்தன.

இதன் பொருள் தெளிவானது. தவறு செய்வோர் ஒரு சிறு பகுதியினர். அவர்களை அடையாளம் காணத் தேவையான தகவலும் துறையிடமே இருந்தது. அதைத் திரட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை என்பதே குறை.

பணி நியமனம் குறித்தும் குழு இரண்டு செய்திகளைக் கூறிற்று. சிறுபான்மையினத்து அதிகாரிகளில் மிகப் பெரும்பாலோர் கடைநிலைப் பதவிகளிலேயே இருந்தனர். மாறாக, பெண் அதிகாரிகள் மிகைப் பலப் பிரயோகத்தில் ஈடுபடுவது ஆண்களைவிட மிகக் குறைவாக இருந்தது. ஆகவே யாரைச் சேர்க்கிறோம் என்பது பயனற்றது என்று சொல்வதற்கில்லை. சேர்த்தவர்களை எந்த நிலையில் வைக்கிறோம், எந்தச் சூழலில் வேலை செய்ய விடுகிறோம் என்பவையும் அதனுடன் சேர வேண்டும்.

மாற்றங்களும் அவற்றின் எல்லையும்

1992 ஏப்ரல் 29-ஆம் நாள் ராட்னி கிங் வழக்கில் போலீசார் தண்டனையின்றி விடுபட்டதும் நகரில் பெருங் கலவரம் வெடித்தது. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சொத்துச் சேதம் சுமார் 100 கோடி டாலர். அந்த ஜூனில் வாக்காளர்கள் நகர சாசனத்தைத் திருத்தினர். போலீஸ் தலைவரின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்றும், ஒரே முறை புதுப்பிக்கலாம் என்றும் வரையறுக்கப்பட்டது. 1995-இல் போலீஸ் கமிஷனின் கீழ் சுதந்திரமான தலைமை ஆய்வாளர் பதவி உருவாக்கப்பட்டது.

அதன் பின்னரும் 1999-இல் ராம்பார்ட் பகுதிக் காவலர்களின் ஊழல் வெளிப்பட்டது. பொய்ச் சாட்சியம், புனைந்த வழக்குகள் ஆகியவை அம்பலமாகி, 100க்கும் மேற்பட்ட தண்டனைகள் ரத்தாயின. அதில் சிக்கியவர்களுள் சிறுபான்மையினத்தைச் சேர்ந்த அதிகாரிகளும் இருந்தனர். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உரிமை மீறலை வழக்கமாகக் கொண்ட போலீஸ் துறைகள்மீது வழக்குத் தொடர மத்திய நீதித் துறைக்கு அதிகாரம் அளித்திருந்தது. அதன்படி 2001-இல் நகராட்சி ஓர் உடன்படிக்கைக்கு உட்பட்டது. நீதிமன்றத்தின் மேற்பார்வை 2013 வரை ஏதேனும் ஒரு வடிவில் நீடித்தது. ஒவ்வோர் அதிகாரியின் புகார், பலப் பிரயோகம், வழக்கு விவரங்களைக் கணினியில் தொகுத்து, எல்லை மீறுபவரை மேலதிகாரிக்கு முன்கூட்டியே காட்டும் ஏற்பாடு இக்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. 1991-இல் கிறிஸ்டோபர் குழு எண்ணிக் காட்டியதை, இப்போது நிர்வாகம் தன் அன்றாடக் கடமையாகச் செய்ய வேண்டியதாயிற்று.

டெட்ராய்ட் நகரமும் இதே உண்மையை வேறு வழியில் காட்டுகிறது. 1974-இல் மேயரான கோல்மன் யங் கறுப்பினத்தவரைப் போலீசில் பெருமளவில் சேர்த்தார். நிதி நெருக்கடி வந்தபோது, கடைசியில் சேர்ந்தவரை முதலில் நீக்கும் விதியால் புதிதாக வந்தவர்களே பெரும்பாலும் வேலை இழந்தனர். பின்னர் அந்நிலை மாறி, படையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையினராயினர். அவ்வாறாகியும் 2003-இல் அந்நகரப் போலீஸ் பலப் பிரயோகம், காவலில் வைக்கும் முறை ஆகியவை குறித்து மத்திய அரசின் உடன்படிக்கைகளுக்கு உட்பட நேர்ந்தது.

பொருளியல் நோக்கு

இதற்குக் காரணம் காண்பது கடினமன்று. புதிதாகச் சேரும் காவலர் கடைநிலையில் நுழைகிறார். மூத்தவர்களிடம் தொழில் கற்கிறார். அவர்கள் எழுதும் மதிப்பீட்டால் உயர்கிறார். எதற்குப் பரிசு, எதற்குத் தண்டனை என்பதை அந்த அமைப்பே தீர்மானிக்கிறது. அவர் பிறந்த சமூகம் அதைத் தீர்மானிப்பதில்லை.

செலவை யார் ஏற்கிறார்கள் என்பதும் முக்கியம். ராட்னி கிங்குக்கு 1994-இல் 38 லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பாயிற்று. இத்தகைய தொகைகளை நகரின் பொது நிதியே ஏற்றது. நூலகத்திற்கும் பூங்காவிற்கும் உரிய பணத்தில் குறைந்ததேயன்றி, தவறு நிகழ்ந்த பிரிவின் கணக்கில் அது இழப்பாகத் தோன்றவில்லை. ஒருவர் செய்யும் தவறின் விலையை வேறொருவர் செலுத்தும் இடத்தில் தவறு குறையாது என்பது பொருளியலின் அரிச்சுவடி.

எனினும் நியமனச் சீர்திருத்தத்திற்கு அதற்கே உரிய நியாயம் உண்டு. அரசு வேலை நிலையான வருமானத்தையும் மதிப்பையும் தருவது. வரி செலுத்தும் எல்லாச் சமூகத்தினருக்கும் அதில் இடம் வேண்டும். 2020 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் போலீசில் ஏறத்தாழப் பாதிப்பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். இது தன்னளவில் ஒரு சாதனை. அதைப் பொறுப்புடைமைக்கு மாற்றாகக் கொள்வதுதான் தவறு.

நமக்குரிய படிப்பினை

இந்தியாவில் போலீஸ் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. நமது மாநகராட்சிகளுக்குப் போலீஸ்மீது அதிகாரம் இல்லை. மாநகரப் போலீஸ் கமிஷனர் மாநில அரசுக்கே பதில் சொல்பவர். ஆகவே அயல்நாட்டு அமைப்பை அப்படியே பெயர்த்து நடுவதற்கில்லை. ஆயினும் கேள்விகள் பொதுவானவை.

லாஸ் ஏஞ்சலிசில் நோய் அளவு கடந்த பதவிப் பாதுகாப்பு. நம் நாட்டில் நோய் அதற்கு நேர்மாறானது. காரணம் காட்டாத இடமாற்றமே இங்கு நேர்மையான அதிகாரியின் அச்சம். 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகள் அளித்த தேசியப் போலீஸ் கமிஷன் இதைச் சுட்டிற்று. 2006 செப்டம்பர் 22-ஆம் நாள் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலப் போலீஸ் தலைவருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம் வேண்டுமென்றும், மாநில, மாவட்ட அளவில் போலீஸ் புகார் ஆணையங்கள் வேண்டுமென்றும் பணித்தது. எல்லையற்ற பதவிக்காலமும், நிலையற்ற பதவிக்காலமும் ஒரே விளைவைத் தருகின்றன. முன்னதில் அதிகாரி எவருக்கும் பதில் சொல்வதில்லை. பின்னதில் தம்மை மாற்றக் கூடியவருக்கு மட்டுமே பதில் சொல்கிறார். இரண்டிலும் குடிமகனுக்குப் பதில் கிடைப்பதில்லை. வரையறுத்த பதவிக்காலமே இவற்றிற்கு இடைப்பட்ட வழி.

காவலில் நிகழும் மரணத்திற்கு அரசு இழப்பீடு தரக் கடமைப்பட்டது என்பதை 1993-இல் நீலபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. போலீஸ் நிலையங்களில் கண்காணிப்புக் காமிராக்கள் பொருத்துமாறு 2020 டிசம்பரில் ஆணையிட்டது. இவை தேவையான படிகள். காமிராவில் பதிவானதையும் புகார்ப் பதிவேட்டில் எழுதியதையும் ஆண்டுதோறும் தொகுத்துப் பார்க்க ஒருவர் பொறுப்பேற்றால்தான் அவை முழுப் பயன் தரும்.

அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு பின்தங்கிய வகுப்பினருக்கு அரசுப் பணியில் இடம் ஒதுக்க வழி செய்துள்ளது. அந்த இடங்கள் நிரம்பியுள்ளனவா என்று கேட்கும் அலுவலர் மேலும் மூன்று கேள்விகளைக் கேட்கக் கடமைப்பட்டவர். நிரம்பிய இடங்கள் எந்தப் பதவி நிலையில் உள்ளன? ஒரே அதிகாரிமீது மீண்டும் மீண்டும் வரும் புகாரை எண்ணுபவர் யார்? இழப்பீடாக வழங்கிய தொகை எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை உள்ள துறையில் மட்டுமே, போலீஸ் நிலையத்தின் வாசலில் நிற்கும் ஏழைக் குடிமகன் உள்ளே இருப்பவர் தன் இனத்தவரா என்று பாராமல் நுழைய முடியும்.