உப்புக் காற்றுக்கு ஒரு மரக் கணினிப் பெட்டி

திரேஸ்புரம் போன்ற கடலோரத் தெருக்களில் கணினியின் தகரப் பெட்டிக்கு ஆயுள் குறைவு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்திருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடிக்க அது போதும். வல்லங்கள் நிற்கும் கரையில் இதற்கு மாற்று தேடி அலைய வேண்டியதில்லை: மரமும் எபாக்சியும்.

பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட் ஏற்றது. எட்டடிக்கு நாலடிப் பலகையில் பாதி போதும். ஏ.டி.எக்ஸ். மதர்போர்டு 305க்கு 244 மி.மீ. இருக்கும். கீழே பவர் சப்ளைக்கு 86 மி.மீ. உயரம் வேண்டும். ஆகவே உள்ளளவு 430 உயரம், 400 ஆழம், 200 அகலம் என்று வைத்தால் நெருக்கடி வராது. வெட்டுவதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரி செய்து பார்ப்பது நல்லது. அட்டை வீணானால் நட்டமில்லை.

பின்பக்கம்தான் தொல்லை பிடித்த வேலை. யு.எஸ்.பி. துளைகளைச் சுற்றி வரும் தகடு சுமார் 1 மி.மீ. தடிமனுக்கென்று செய்யப்பட்டது, 12 மி.மீ. பலகையில் அது கவ்வாது, ஒயர் முனைகளும் எட்டாது. பழைய பெட்டி ஒன்றின் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து, மதர்போர்டுத் தட்டையும் பின்தகட்டையும் அப்படியே கழற்றிப் பொருத்துவதே சுலபமான வழி. வெட்டிய விளிம்புகளுக்கு எபாக்சி பிரைமர் அடிக்காவிட்டால் பழைய துரு புதுப் பெட்டிக்கும் வந்துசேரும். மரம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் தட்டையும் பவர் சப்ளையின் உடலையும் ஒரு ஒயரால் இணைக்க வேண்டும். திருகு அமரும் இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும். பவர் சப்ளையை எக்காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது.

120 மி.மீ. விசிறிக்கு 115 மி.மீ. வட்டம் வெட்டி, 105 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் போட வேண்டும். முன்னால் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால் உப்புத் தூசி இடுக்குகள் வழியே நுழையாது. வலை மாட்டிய முன்வழியாக மட்டுமே காற்று வரும்.

பலகைகளை எபாக்சிப் பசையாலும் 316 ரக எவர்சில்வர் திருகுகளாலும் இணைக்கலாம். ஒரு பக்கக் கதவை மட்டும் ஒட்டாமல் திருகில் விட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின் எபாக்சியை மெல்லியதாக இரண்டு முறை பூசலாம். விளிம்புகள் ரெசினைக் குடிக்கும் என்பதால் அங்கே மூன்று முறை. படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் மரத்தை எபாக்சி அளவுக்குப் பிடிக்காது. அதன் வாடையும் வீட்டுக்குள் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூசினால் மேற்பரப்பு வெளுத்துப் பிசுபிசுக்கும். பூச்சு ஒரு வாரம் இறுகிய பிறகே பாகங்களை உள்ளே ஏற்ற வேண்டும்.

முன்வலையை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் முழுதும் காய்ந்தபின் மாட்டலாம். உவர்நீரில் அலசினால் காய்ந்ததும் வலைக் கண்களில் உப்புதான் மிஞ்சும்.