"ஏலாது" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்



முழங்காலில் மூட்டுவாதம் பிடித்த ஒரு அக்காவை நமக்குத் தெரியும். வயது 47. அதில் 23 வருடம் கொழுந்தெடுத்தவர். கடைசி இரண்டு வருடமாக அரைப்பேர்தான். பிறகு மலையேறவே முடியவில்லை. கொடுப்பனவுக்கு எழுதிக் கொடுத்தார். விசாரிக்க உத்தியோகத்தர் லயத்துக்கே வந்தார்.

"எப்படியம்மா, நடக்க ஏலுமா?"

"என்னமோ சமாளிச்சுக்கிறேங்க ஐயா."

அதோடு விட்டாரா? எழும்பித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், வாசல் வரை வந்து வழியனுப்பினார். அன்று பூராவும் பாயை விட்டு எழும்பவில்லை என்பது யாருக்குத் தெரியும்? விண்ணப்பம் தள்ளுபடி.

நம்ம சனத்துக்கு ஏலாது என்று சொல்ல வாய் வராது. பிரட்டில் ஏலாது என்றால் பேர் போய்விடும் என்று பயந்து பழகிய வாய். ஆனால் விண்ணப்பம் பிரட்டு இல்லை. அங்கே நோயின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, அதனால் என்ன செய்ய முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, பீலியிலிருந்து தண்ணிக்குடம் தூக்குவது யார், கக்கூசுக்குப் போக யார் துணை, மாதத்தில் எத்தனை நாள் படுக்கை? நல்ல நாளும் உண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் கெடுதல்தான். நாம் கண்ட மட்டில் நம்மவர்கள் கூட்டிச் சொல்வதைவிடக் குறைத்துச் சொல்லித்தான் கெடுகிறார்கள்.

கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள், தேதி தவறாமல் போங்கள். நாலு மாதம் போகாவிட்டால் வருத்தம் சுகமாகிவிட்டது என்று நினைக்க இடமுண்டு. டொக்டரிடம் கடிதம் கேட்கும்போது, எந்த வேலை செய்ய முடியாது, எவ்வளவு காலத்துக்கு என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகள், முதியோருக்கான கொடுப்பனவுகளும் அதோடு சேர்ந்தவை. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள்.

உங்கள் சொந்தக் காசும் இருக்கிறது. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். இனி ஒருபோதும் வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் அத்தாட்சி தந்தால் அந்த வயதுக்கு முன்பே எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே, வருத்தத்தால் வேலையை விடுவதாக இருந்தால் முதலில் டொக்டரைப் பாருங்கள். வெறும் "வேலை வேண்டாம்" கடிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு அப்புறம் அலையாதீர்கள்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி சேவைக்காலப் பணமும் உண்டு. ஐந்து வருடம் முடித்திருந்தால், நாள் சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அந்த அக்காவின் 23 வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் 322 நாள் சம்பளம். வருத்தத்தால் விலகினாலும் இது போகாது. வேலை விட்டு 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

இன்னொன்று, பெயர். செக்ரோலில் முத்தம்மா, அடையாள அட்டையில் முத்தம்மாள், பிறப்புச் சான்றிதழில் முத்தாயி. ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா டொக்டரின் கடிதத்தோடு மேன்முறையீடு எழுதினார். உத்தியோகத்தர் திரும்பவும் வந்தார். இந்த முறை தேத்தண்ணி போட்டது பேத்தி. குடம் தூக்கி எத்தனை மாதமாச்சு என்பதை அக்காவே வாய் திறந்து சொன்னார்.