நோன்பும் சிறுநீரகமும்

வந்த சரக்கையெல்லாம் தெருவில் இறக்கி, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும் வியாபாரியை நாம் கண்டதில்லை. நம் சிறுநீரகங்கள் செய்வதோ அதைத்தான். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள. இரத்தத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை அவை வடிக்கின்றன. நீர், உப்பு, சர்க்கரை இவற்றில் உடலுக்கு வேண்டியது இரத்தத்திற்கே மீள்கிறது. சிறுநீராய்க் கழிவது ஒன்றரை லிட்டர் அளவுதான்!

நோன்பு வைத்துப் பகலெல்லாம் கடையில் நிற்கையில் இரத்தத்தில் நீர் சற்றுக் குறைகிறது. உடனே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை அனுப்ப, சிறுநீரகம் முன்னிலும் அதிக நீரை மீட்டுத் தருகிறது. அஸருக்குப் பின் சிறுநீர் குறைந்து மஞ்சளாவது இதனால்தான். சுகமுள்ளவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர் விஷயம் வேறு. இவ்விரண்டும் வடிகட்டிகளை ஓசையின்றிக் கெடுக்கும். பாதி கெட்ட பின்னும் வலி தெரியாது. பழுதுபட்ட சிறுநீரகத்தால் நீரைச் சரிவர மிச்சம் பிடிக்க இயலாது. நோயாளி வேறு நாட்களில் நோற்கலாமென மார்க்கமே சலுகை தந்திருக்க, நம்மில் சிலர் நோயை மறைப்பது ஏனோ? ரமலானுக்கு முன்பே வைத்தியரிடம் சென்று, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது முதல் வேலை. இரத்தப் பரிசோதனை அடுத்தது.