வாசிக்கத் திணறும் பிள்ளை



ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு எப்போதும் பரிசு வாங்குகிற ஒரு பையன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். தகப்பன் கடலுக்குப் போகிறவர். பையனுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை வெகுநாளாக நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. காதால் கேட்டதை அப்படியே ஒப்பிப்பான். கையில் புத்தகம் விரிந்திருக்கும், அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பூட்டின பள்ளிகள், சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ந் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு முடிகிற சமயம் வீட்டுக்கு வந்தவன் மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். அந்த அக்டோபர் 27ந் தேதி மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது பிள்ளைகள். நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். இவனும் என் வகுப்புக்கு வந்தான்.

முதல் வாரமே தப்பு செய்தேன். எல்லார் முன்பாகவும் எழுப்பி வாசிக்கச் சொன்னேன். படத்தைப் பார்த்து ஒரு கதை சொன்னான். “இது கூடவா தெரியல?” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நாலு நாள் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனால் தகப்பன், “விடுங்க சிஸ்டர், அவனுக்குப் படிப்பு ஏறல. ரெண்டு வருஷம் போனா கடலுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்” என்றார். அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாரம் அவன்மேல் அல்ல, என் வாயின்மேல்தான் வந்தது.

முதலில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் கண்ணையும் காதையும் பார்த்தோம். குறை ஒன்றுமில்லை. பிறகு எங்கே நிற்கிறான் என்று தேடினேன். உயிர் 12, மெய் 18 எல்லாம் பாட்டாகச் சொல்வான். ஒரு எழுத்தைத் தனியே காட்டினால் ‘அ’விலிருந்து எண்ணிக்கொண்டு வருவான்! 247 எழுத்தை இப்படி எண்ணினால் ஒரு வரி எப்போது முடியும்?

பெரிய முட்டுக்கட்டை கொம்பு. ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் சத்தம் பின்னால் வருகிறது. ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நமக்குப் பழகிவிட்டது. பிள்ளைக்கு அது புதிர். ஆகவே பாடப்புத்தகத்தை மூடி வைத்தேன். “நீயே வார்த்தை சொல்லுடா” என்றேன். படகு, வலை, நெத்திலி, கெளுத்தி, காரப்பொடி என்று அடுக்கினான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். ஒற்றைக் கொம்பை நெத்திலி கற்றுக்கொடுத்தது. ‘பொ’வைக் காரப்பொடி கற்றுக்கொடுத்தது. தினமும் பத்தே நிமிஷம், மற்ற பிள்ளைகள் வருமுன். நான் ஒரு வரி வாசிப்பேன், சேர்ந்து வாசிப்போம், அப்புறம் அவன் தனியே விரல் வைத்து வாசிப்பான்.

‘வந்தது’ என்று அச்சிட்டிருந்தால் ‘வந்துச்சு’ என்று வாசிப்பான். முதலில் அதட்டினேன். பிறகுதான் புத்தி வந்தது. அவன் அர்த்தம் பிடித்துவிட்டான், தன் வீட்டுப் பேச்சில் சொல்கிறான். வரியை முடிக்க விட்டு, பிறகு கடைசி எழுத்துகளைக் காட்டினால் போதும்.

வீட்டில் பாட்டி தன் பழைய வேதாகமத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. லை, னை, றா போன்ற எழுத்துகளின் வடிவம் மாறியது. பழைய அச்சில் துதிக்கை போட்ட ‘லை’யைப் பார்த்து, “அக்கா, இது என்ன எழுத்து?” என்று பயந்துபோனான். தாய்மார்களே, புதிதாக வாசிக்கிற பிள்ளைக்குப் புது அச்சையே கொடுங்கள்.

இது எல்லாப் பிள்ளைக்கும் போதாது. மாதக்கணக்கில் பழகியும் எழுத்து ஒட்டாத பிள்ளைகள் உண்டு. அது சோம்பலும் அல்ல, சாபமும் அல்ல. குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜெபியுங்கள். கூடவே பள்ளியில் சொல்லி மருத்துவப் பரிசோதனையும் கேளுங்கள்.

நம் பையனுக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் சாயங்காலம் தகப்பன், மீன் வியாபாரி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை அவனிடம் நீட்டி, “என்னடா போட்டிருக்கான், படி” என்றார். பையன் விரல் வைத்தான். “நெத்திலி… மூணு கூடை. கெ… கெளுத்தி ஒண்ணு. பாக்கி நானூறு.” தகப்பன் சீட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்து, “இன்னொரு தரம் படி” என்றார்.