ஊரின் பழமையும் பஞ்சாயத்தின் கடமையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த பூமி. கரிசல் மண்ணும், கண்மாயும், மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் குண்டாறுமே நமது செல்வம். "சோழ நாட்டைப் போலப் பெருங்கோயில்களும் வரலாறும் நமக்கு ஏது?" என்று பஞ்சாயத்து உறுப்பினர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அவ்வினாவுக்கு விடை நம் காலடியிலேயே உள்ளது.

திருச்சுழிக்கு அண்மையில் பள்ளிமடம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ச் சிவன் கோயிலின் கற்களில் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் என்னும் மன்னனது ஆட்சிக் காலத்துக் கொடைகளை அவை கூறுகின்றன. கோயிலின் அக்காலப் பெயர் சுந்தரபாண்டிய ஈச்சுரம். அது ஒரு பள்ளிப்படை. அதாவது, மறைந்த அரச குடும்பத்தவர் ஒருவரின் நினைவாக எழுப்பப்பட்ட கோயில். திருச்சுழியல் அன்று பருத்திக்குடி நாட்டைச் சேர்ந்திருந்தது. கரிசல் நிலத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் உண்டோ?

இங்கிலாந்து தேசத்தில், 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னர் ஊர்தோறும் ஏர்களையும், நிலங்களையும், மாவாலைகளையும் கணக்கெடுக்கச் செய்தார். அந்த ஏட்டில் தம் ஊர்ப் பெயர் இருப்பதை அந்நாட்டுச் சிற்றூரார் இன்றும் பெருமையாகக் கருதுகின்றனர். பள்ளிமடத்துக் கற்களோ அந்த ஏட்டினும் நூறாண்டுக்கு மேல் மூத்தவை.

இக்கற்கள் கூறும் செய்தியை ஆராய்வோம். கோயிலில் அணையாத நொந்தா விளக்கு எரிவதற்கு அன்பர்கள் ஆடுகளைக் கொடுத்தனர். பாண்டிய நாட்டில் விளக்கொன்றுக்கு 50 ஆடுகள் விடும் வழக்கம் பரவலாக இருந்தது. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டிகள் பெருகி மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆகவே அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. விளக்கைக் கொடுத்தவர் நாள்தோறும் அதற்கு நெய் வருவதற்கும் வழி செய்தார். நாம் குடிநீர்த் தொட்டி கட்டுகிறோம். மோட்டார் பழுதானால் அதைச் சரிசெய்யப் பணம் தேடி அலைகிறோம். எப்பணியையும் தொடங்கும்பொழுதே அதன் பராமரிப்புக்கு வழி வகுத்தல் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள கோவிலாங்குளம் மற்றோர் எடுத்துக்காட்டு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் குலோத்துங்க சோழனது ஆட்சியில், கும்பனூரைச் சேர்ந்த சமண அன்பர்கள் முக்குடையார்க்கு அங்கே கோயில் எடுத்ததை ஒரு கல்வெட்டு கூறுகிறது. கோயிலோடு தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர்கள் ஏற்பாடு செய்தனர். வறண்ட நாட்டில் வழிப்போக்கர்க்கு நீர் வார்ப்பதே அறத்துள் தலையாயது என்று கண்டனர் போலும்!

ஊராட்சி முறையும் நமக்குப் புதிதன்று. திருநெல்வேலிச் சீமை மானூரில் கி.பி. 800ஐ ஒட்டிய கல்வெட்டொன்று, ஊர்ச் சபையில் யார் உறுப்பினராகலாம் என்பதை வரையறுக்கிறது. எதை எடுத்துரைத்தாலும் மறுத்துத் தடைசெய்யும் உறுப்பினருக்கு 5 காசு தண்டம் என்றும் விதிக்கிறது. அச்சபையில் நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே இடம் இருந்தது. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் அமைந்த இன்றைய பஞ்சாயத்தில் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரிய இடம் சட்டப்படி உறுதியாகியிருக்கிறது. பழமையைப் போற்றும்பொழுது இவ்வேற்றுமையையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

என் குறை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வட்டாரத்தில் கண்மாய் மடையொன்றைச் செப்பனிடும் மதிப்பீட்டில் நான் கையொப்பமிட்டேன். பழைய மடைக் கற்களை உடைத்து அடித்தளத்தில் இட்டனர். வேலை முடிந்தபின் முதிய விவசாயி ஒருவர், "அந்தக் கல்லிலே எழுத்து இருந்ததே, ஐயா!" என்றார். அம்மடையை அமைத்தவர் யாவர், நீர்ப்பங்கு எவ்வாறு இருந்தது என்பனவற்றை இனி எவரும் அறிய இயலாது. மடை நன்றாகவே இருக்கிறது; ஆயினும் அதைக் காணுந்தோறும் என் மனம் நாணுகிறது.

ஆதலின் பஞ்சாயத்து உறுப்பினர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்வார்களாக:

1. ஊரிலுள்ள எழுத்துக் கற்கள், நடுகற்கள், பழைய சிலைகள், மடைத் தூண்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கிராம சபையில் பதிவு செய்க.

2. எழுத்துள்ள கல்லின்மேல் சுண்ணாம்போ வர்ணமோ பூசற்க. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தல் அறவே கூடாது. அது எழுத்தையே தின்றுவிடும்.

3. கண்மாய், கோயில் திருப்பணிகளைத் தொடங்குமுன் பழைய கற்களைப் பார்வையிடுக. எழுத்துக் காணப்பட்டால் வேலையை நிறுத்தி, வட்டாட்சியர் வாயிலாகத் தொல்லியல் துறைக்கு அறிவிக்க.

4. நிலத்தை உழும்போதோ தோண்டும்போதோ காசுகளோ சிலைகளோ புதையலாகக் கிடைப்பின், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. சற்றே கவனம் போதும். ஆயிரம் ஆண்டு மழையிலும் வெயிலிலும் நிலைத்த எழுத்து, நம் ஒருநாள் அவசரத்தால் அழிந்தது என்ற பழி நமக்கு வேண்டா.