கல்லூரிக் கட்டுரை எழுதுவது எப்படி?

நம் சங்கத்து அன்பர்களின் பிள்ளைகள் பலர் கல்லூரியில் படிக்கின்றனர். பருவந்தோறும் 'அசைன்மென்ட்', 'புராஜெக்ட் ரிப்போர்ட்' என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றைப் பார்த்துத் தரும்படி சிலர் என்னிடமும் வருவதுண்டு. நான் பட்டதாரி அல்லன். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் வேலை பார்த்தவன். ஆனால் அறிக்கை எழுதாத வாரம் எனக்குக் கிடையாது. அந்த அனுபவத்தில் சில சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவறு. 1984ஆம் ஆண்டு, பணியில் சேர்ந்த புதிது. கோடையிலும் நீர் வற்றாத ஓர் ஆற்றுப் பாலம் என் பொறுப்பில் இருந்தது. மழைக்காலத்துக்கு முன், தூண்களை ஒட்டி ஆற்றின் ஆழத்தைக் குண்டு கட்டிய கயிற்றால் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். வேலை மிகுதியால் நான் போகவில்லை. முந்தைய ஆண்டின் அளவுகளையே பார்த்து எழுதிவிட்டேன். மாலையில் மேலதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "கயிறு காய்ந்திருக்கிறதே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் போய் அளந்தேன். ஒரு தூணின் அடியில் மண் அரித்து, பள்ளம் ஒன்றரை மீட்டர் கூடியிருந்தது. மழைக்கு முன் பாறாங்கற்களைக் கொட்டிச் சரி செய்தோம். நான் எழுதிய பொய் எண் அப்படியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கவே மனம் கூசுகிறது.

மாணவர் கட்டுரைக்கும் இதுவே அடிப்படை. எழுதுவது நீங்கள் அளந்ததாக, படித்ததாக, யோசித்ததாக இருக்க வேண்டும்.

1. கேள்வியைப் படியுங்கள்: 'விவரி', 'ஒப்பிடு', 'காரணம் காட்டு', 'மதிப்பிடு' ஆகிய நான்கும் வெவ்வேறு வேலைகள். காரணம் கேட்டால் வரலாறு எழுதி வைப்பவர்களே அதிகம். எழுதப் பழகியவர்களும் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

2. தலைப்பைச் சுருக்குங்கள்: 'பாம்பன் பாலம்' என்பது ஒரு புத்தகத்துக்கான தலைப்பு. '1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை விரைவில் சீரமைக்க முடிந்தது ஏன்?' என்பது பத்துப் பக்கத்தில் விடை சொல்லக்கூடிய கேள்வி.

3. குறிப்பெடுங்கள்: நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போடுங்கள். முதலாவதில் தகவல், இரண்டாவதில் அது எந்த நூலில், எந்தப் பக்கத்தில் கிடைத்தது, மூன்றாவதில் உங்கள் கருத்து. பிறர் சொன்னதும் நீங்கள் சொல்வதும் கலக்காமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. பிறர் வாக்கியத்தை எடுத்தால் மேற்கோள் குறியிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

4. அடைமொழியைக் குறைத்துக் காரணத்தைக் கூட்டுங்கள்: 'பாம்பன் பாலச் சீரமைப்பு பொறியாளர்களின் மகத்தான சாதனை' என்பதில் ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'பாலத்தைச் சீரமைக்க ரயில்வே முதலில் 6 மாதக் கெடு வைத்தது. இ. ஸ்ரீதரன் பொறுப்பில் வேலை 46 நாட்களில் முடிந்தது. கடலில் விழுந்த கர்டர்களை மீனவர்கள் உதவியோடு தேடி எடுத்து மீண்டும் பொருத்தியதால், புதியவை செய்து வரும் வரை காத்திருக்க நேரவில்லை.' முதல் இரண்டு வாக்கியங்கள் தகவல், மூன்றாவது காரணம். இதுவே விடை ஆகிறது.

5. தேதியைச் சரிபாருங்கள்: சென்ற மாதம் ஒரு மாணவர், 1914இல் திறந்த பாம்பன் பாலத்தில் இன்றும் ரயில் ஓடுவதாக எழுதியிருந்தார். பழைய புத்தகத்தில் பார்த்தாராம். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. புத்தகம் அச்சான ஆண்டைப் பார்த்திருந்தால் இந்தப் பிழை வந்திராது. இப்போது கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் கணினிச் செயலிகள் வந்துவிட்டன. ஐயம் தெளிய அவற்றைக் கேட்கலாம். ஆனால் அவையும் தவறான எண்ணைத் தயங்காமல் சொல்லும். கல்லூரி அனுமதிக்கும் அளவோடு நில்லுங்கள்.

6. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்: கட்டுரை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகே வாசகருக்கு வழி சொல்ல முடியும். ஒரு பத்திக்கு ஒரு கருத்துப் போதும். முடிவுரையில் புதுச் செய்தி வேண்டாம். படம், அட்டவணை ஒவ்வொன்றுக்கும் எண்ணும் அலகும் கொடுத்து, கட்டுரைக்குள் அதைக் குறிப்பிடுங்கள்.

7. நாட்களைப் பின்னிருந்து எண்ணுங்கள்: 15 நாள் இருந்தால் படிக்க 6, எழுத 5, திருத்த 3, கடைசி நாள் அச்செடுக்க. எழுதியதை ஒரு நாள் ஆறப்போட்டு, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள்.

வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் நடுப்பக்கத்தைத் திருப்பி, "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்பார். தானே எழுதியவன் திணற மாட்டான்.

உதவி தேவைப்படும் பிள்ளைகள் ஞாயிறு மாலை சங்க நூலகத்துக்கு வரலாம். வரும்போது கட்டுரையோடு குறிப்பு நோட்டையும் எடுத்து வாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.