தொழிலுக்கு உரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறை

சிறுதொழில் நடத்துவோர் ‘உத்யம்’ என்னும் சர்க்கார் பதிவுக்கு முற்படும்போது கேட்கப்படும் ஐந்திலக்க எண், சம்பிரதாயத்துக்காக நிரப்பிவிட வேண்டிய விவரம் அன்று. தேசத்தில் எத்தொழில் வளர்கிறது, எது நலிகிறது என்று சர்க்கார் கணக்கெடுப்பதற்கு ஆதாரமாக விளங்குவது அத்தகைய எண்ணே. ஆதலால் பெயர்ப்பலகையை மாத்திரம் பார்த்து முடிவு செய்யாமல், பின்வரும் கிரமத்தில் செல்வதே உசிதம்.

1. அமைப்பை அறிதல்: இவ்வெண்ணுக்கு மூலமாகிய, ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச வகைப்பாட்டைத் தழுவிய 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாடு, ‘ஏ’ முதல் ‘யூ’ வரை 21 பகுதிகளையும், அவற்றின்கீழ் ஈரிலக்கம் கொண்ட 88 பிரிவுகளையும், மூன்று, நான்கு, ஐந்து இலக்கங்களாக விரியும் குழு, வகுப்பு, உள்வகுப்பு ஆகியவற்றையும் உடையது.

2. காரியங்களைப் பிரித்தெழுதுதல்: தஞ்சை ஜில்லாவில் ஆலை நடத்தும் ஒருவர் நெல் அரைக்கிறார், தானியங்களை மாவாக்குகிறார், வெளியில் வாங்கிய மளிகைச் சாமான்களையும் சில்லறையாக விற்கிறார் என்று கொள்வோம். தாம் அரைத்த அரிசியைத் தாமே விற்பது உற்பத்தியின் அங்கமேயன்றித் தனி வியாபாரம் ஆகாது.

3. கூட்டுமதிப்பைக் கணித்தல்: ஒவ்வொரு காரியத்தின் வரவிலிருந்தும் மூலப்பொருள், கொள்முதல் சரக்கு, மின்சாரம் முதலியவற்றின் செலவைக் கழித்து, எஞ்சும் மதிப்பை ஒப்பிடுக; அது இயலாவிடில் விற்பனைத் தொகையையோ வேலையாட்களின் எண்ணிக்கையையோ கொள்ளலாம்.

4. மேலிருந்து இறங்குதல்: மேற்படி ஆலையில் நூற்றுக்கு அரிசி 35, மாவு 20, மளிகை 45 எனக் கண்டால், மளிகையே பிரதானம் என்று தோன்றும். ஆயினும் முதலில் ஒப்பிட வேண்டியவை பகுதிகளே. உற்பத்தி 55, வியாபாரம் 45 ஆதலால், ‘சி’ என்னும் உற்பத்திப் பகுதியே உரியது. அங்கிருந்து உணவுப்பொருள் உற்பத்தியாகிய 10, பிறகு 106, 1061 என்று இறங்கினால், மாவைவிட அரிசி மிகுந்திருப்பதால், நெல் அரைவைக்குரிய 10612 கிட்டும்.

5. விளக்கத்தைச் சரிபார்த்தல்: கையால் செய்வதா, யந்திரத்தால் செய்வதா, வீட்டிலா, தொழிற்சாலையிலா என்ற பேதங்கள் உற்பத்தியைத் தீர்மானிப்பதில்லை. அளவெடுத்துப் புதுத்துணி தைத்துக் கொடுக்கும் தையற்காரர் 14105 என்ற உற்பத்தி எண்ணுக்கு உரியவர். பழைய ஆடைகளைச் செப்பனிடுவதையே தொழிலாகக் கொண்டவரோ பழுதுபார்த்தலுக்குரிய 95ஆம் பிரிவைச் சார்ந்தவர்.

உத்யம் பதிவில் ஏனைய காரியங்களின் எண்களையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. ஆயினும் பிரதான எண்ணைப் பிழையாக எழுதினால், அரைவைக் களத்தில் உழைப்போரின் உழைப்பெல்லாம் கடைத்தெருக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதை ஆலைக்காரர்கள் சிந்தித்து, தொழிலின் போக்கு மாறுந்தோறும் எண்ணையும் திருத்திக்கொள்வது அவசியம்.